தறியின் வலது பக்கம்: ‘காஞ்சிவரம்’ படத்தை முன்வைத்து

பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தை இதுவரை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். 2009இல் தியேட்டருக்கு வந்தபோது ஒரு தடவை. 2007ஆம் ஆண்டின் சிறந்த படம், சிறந்த நடிகர் என்று இரண்டு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தபோது, விவாதிப்பதற்காக நண்பர்களோடு ஒரு தடவை. மூன்றாவது தடவை அக்கா வீட்டில், டிவியில். அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். ஜவுளி எடுப்பது பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கடைசிக் காட்சிவரை கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, “நம்ம நைனாவப் பாத்தாப்ல இருக்குதுடா தம்பி” என்று சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. “நம்ம நைனா யாருக்கு இன்னா சபதம் பண்ணாரு?” என்று கேட்டுவிட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. அன்றைக்கு எங்களுக்குள் ஆரம்பித்த பேச்சுத்தான் இந்தக் கட்டுரை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேங்கடம் என்கிற பட்டு நெசவாளி (பிரகாஷ்ராஜ்) தனக்குப் பிறந்த பெண் குழந்தையின் காதில், உன்னைப் பட்டுச்சேலை கட்டித்தான் கல்யாணம் செய்துகொடுப்பேன் என்று சத்தியம் செய்கிறான். நாள் முழுக்கப் பட்டு நெய்கிறவனுக்குத் தன் பெண்ணுக்கு ஒரு பட்டு வாங்க வக்கில்லை. சேர்த்த காசும் கைவிட்டுப் போகிறது. வேலை செய்யும் இடத்திலிருந்து தினமும் கொஞ்சம் பட்டு இழையை வாயில் ஒதுக்கிக்கொண்டு வந்து, யாருக்கும் தெரியாமல் இரவில் நெய்கிறான். கம்யூனிஸ்டாகிறான். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறான். மகளின் கல்யாணம் நெருங்கியதும் இழைக்காக அதே வேலைநிறுத்தத்தை முறிக்கிறான். பிடிபட்டு ஜெயிலுக்குப் போகிறான். மகள் தாமரை கிணற்றில் விழுந்து உடம்பு முடங்கிக் கிடக்கிறாள். 1948இல் இரண்டு நாள் பரோலில் வருகிறவன், பார்த்துக்கொள்ள ஆளில்லாத மகளுக்குத் தன் கையாலேயே விஷம் கொடுக்கிறான். பாதி நெய்த பட்டை எடுத்துப் பிணத்துக்குப் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது.

பிரகாஷ்ராஜின் நடிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கடைசிக் காட்சி பார்க்கிற எவரையும் உலுக்கும். உழைப்பவனுக்கு அவன் உற்பத்தி செய்யும் பொருள் எட்டாது என்கிற உண்மையைத் தமிழில் இவ்வளவு நேராகச் சொன்ன படங்கள் குறைவு. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன். நண்பர்களோடு நடந்த விவாதத்திலும் எல்லோரும் இதையே சொன்னார்கள். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் எனக்குச் சொல்ல இருந்தது சினிமா விமர்சனம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சொல்ல வந்தது இதுதான். அந்தத் தறிக்கு வலது பக்கம் யாருமே இல்லை.

காஞ்சிபுரம் பட்டுக்கு இத்தனை பெயர் வந்ததற்கு அதன் கரை ஒரு முக்கியக் காரணம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரு நிறம் இன்னொன்றில் ஏறாமல், கிழியாமல் இரண்டும் பின்னிக்கொள்ளும். இதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்கிறவர் குழியில் கால் மிதித்துக்கொண்டு உடல் நாடாவையும் இடது கரை நாடாவையும் பார்த்துக்கொள்வார். வலது கரை நாடாவைப் போட, உடல் இழையையும் கரை இழையையும் கோர்த்துத் திருப்பி அனுப்ப, பக்கத்தில் இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். ஒரு சேலை முடிகிறவரை, பத்து நாளோ இருபது நாளோ, ஒவ்வொரு ஊடை இழைக்கும் அந்த ஆளின் கை வேண்டும். அந்த ஆளுக்கு முழுக்கூலி கொடுத்தால் தறிக்காரருக்குக் கட்டாது. அதனால் ரொம்ப காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது பிள்ளைகள்தான்.

வேங்கடம் திருட்டு இழையில் ரகசியமாக நெய்கிறான். அவன் தனியாக நெய்தாக வேண்டியது கதையின் தேவை. ஆனால் தறியே உயிராக இருக்கிற ஒரு படத்தில், தறிப்பிள்ளை என்று ஒரு பாத்திரம்கூட இல்லாமல் போனது கதையின் தேவையால் அல்ல. பார்வையில் அது இல்லை. நெசவாளி என்றால் தனி ஒருவன், குடும்பத் தலைவன், தகப்பன் என்று படம் முடிவு செய்துகொண்டது. பிள்ளைக்கு அந்தத் தறியில் ஒரே ஓர் இடம்தான்: நெய்த பட்டைக் கட்டிக்கொள்ளப் போகிற மகள்.

நான் வலது பக்கம் உட்கார்ந்தவன். அதனால்தான் இது எனக்குத் தெரிகிறது.

*

1986 வைகாசியில் அக்காவுக்குக் கண்ணாலம். எனக்கு எட்டு வயது. பாலாற்றுக்கு அக்கரையில் எங்கள் சேரி. நைனாவுக்குக் கூலி வேலை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கவும், பந்தல், சோறு, ரேடியோ செட் செலவுக்கும் பணம் இல்லை. டவுனில் ஒரு தறிக்காரரிடம் 1,500 ரூபாய் முன்பணம் வாங்கினார். ஈடாக என்னைக் கொடுத்தார். அடைக்கிறவரை நான் தறிக்குப் போக வேண்டும். வாரக்கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். இதற்குப் பத்திரம் எதுவும் கிடையாது.

கண்ணாலத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். புதுக் கால்சட்டை, ஜிகினா மாலை. மாப்பிள்ளை பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா பெண்கள் சீர்த்தட்டு தூக்கி வந்தார்கள். தட்டைவிட அவர்கள் சின்னதாக இருந்தார்கள். எனக்கு எல்லோரும் கலர் வாங்கிக் கொடுத்தார்கள். “மச்சான், மச்சான்” என்று மாப்பிள்ளை என்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பேர் என்னை மதித்த நாள் அதுக்கு முன்னால் இல்லை. ராத்திரி பந்தலுக்குக் கீழேயே தூங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுவீடு. அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் நைனா என் கையைப் பிடித்து ஆற்று மணலில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாலத்துக்கு எடுத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அதுவும் கண்ணாலத்தில் ஒரு பகுதி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

தறி வீட்டுக்குள் இருந்தது. எனக்குப் பின்வாசல் வழி. தண்ணீர் தனிச் சொம்பில். ஆனால் பட்டுக்குத் தீட்டு கிடையாது. பட்டு கட்டினாலே மடி என்று சொல்கிற ஊர் இது. இழை அறுந்தால் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கித்தான் முடிச்சுப் போடுவோம். என் எச்சில் பட்ட அந்தச் சேலைகள் எந்தெந்த முகூர்த்தத்துக்குப் போயின, எந்தக் கோயிலில் எந்த அம்மன் இடுப்பில் ஏறின என்று எனக்குத் தெரியாது. பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலில் சாமிக்குத் திருக்கல்யாணம் நடக்கும். ஊரே கூடும். தறிக்காரர் வீட்டிலும் போவார்கள். எனக்கு அன்றைக்கு அரை நாள் லீவு. படத்தில் வேங்கடம் வாயில் பட்டு இழையை ஒதுக்குகிறபோது நம் நெஞ்சு அடைக்கிறது. அது திருட்டு என்பதால் அங்கே ஒரு கதை கிடைத்திருக்கிறது. தினம் நூறு தடவை இழையைத் தொட்ட நாக்கு வேலை செய்த நாக்கு. அதற்குக் கதை இல்லை.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். நான் குழியருகில் உட்கார்ந்த அதே 1986ஆம் ஆண்டு டிசம்பரில்தான் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தடை செய்த வேலைகளின் பட்டியலில் நெசவும் இருந்தது. ஆனால் ஒருவர் தன் குடும்பத்தார் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கு. எப்போதாவது அதிகாரி வந்தால், தறிக்காரர் என் தோளில் கைபோட்டு, “நம்ம சொந்தக்காரப் பையன் சார், லீவுக்கு வந்திருக்கான்” என்பார். ஆறு வருஷத்தில் அவர் என்னை உறவு சொன்னது அந்தச் சமயங்களில் மட்டும். அதிகாரி தெரு திரும்பியதும் உறவு முடிந்துவிடும். 2016இல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று ஆக்கினார்கள். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிற விலக்கு இருந்தது.

*

சாதிக்கு வருகிறேன். படம் வர்க்கத்தைப் பேசுகிறது. சங்கம், செங்கொடி, வேலைநிறுத்தம் எல்லாம் உண்டு. சாதியைப் பேசவில்லை. காஞ்சிபுரத்தில் சாதியில்லாமல் ஒரு தறியும் இல்லை. நெசவு என்றதும் செங்குந்தர், தேவாங்கர், சாலியர் என்று ஊர் சொல்லும். நாம் அங்கே கூலிக்கு உட்கார்ந்தவர்கள் என்றுதான் நம்மையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ‘பறைத்தறி’ என்று ஒரு வரிச்சொல் உண்டு. பறையர் வைத்திருந்த தறிக்குப் போட்ட வரி. பறையர்களில் நெய்கிறவர்களுக்குக் கோலியர் என்று தனிப் பெயரே இருந்தது. தறி நமக்குப் புதிது அல்ல. தறி நம் கையைவிட்டுப் போய், பிறகு அடுத்தவன் தறியில் நம் பிள்ளைகளின் கை மட்டும் வந்து சேர்ந்தது.

அது வந்து சேர்ந்த வழி முன்பணம். படத்தின் கதை நடக்கிற காலத்துக்குள்ளேயே, 1933இல், பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுத்து வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது. அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், வேலை வாங்குகிறவருக்கு 200 வரை. சட்டம் போடுகிற அளவுக்கு வழக்கம் பரவியிருந்தது என்றுதானே அர்த்தம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான் என்னை 1,500 ரூபாய்க்கு வைத்தார்கள். 1996இலும் 2003இலும் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி எழுதிய அறிக்கைகளில் காஞ்சிபுரம் பட்டுத் தறியும் வருகிறது. கர்நாடகத்தில் கொதிநீரில் கைவிட்டுக் கூட்டிலிருந்து நூல் எடுக்கும் பிள்ளைகள்முதல் நம் ஊர்த் தறிப்பிள்ளைவரை 2003 அறிக்கையில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த படத்தில் இல்லை. 1948க்கு முந்தைய கதை என்று சமாதானம் சொல்லலாம். 1933 சட்டத்தை நினைத்துப் பார்த்தால் அந்தச் சமாதானமும் நிற்காது.

காதில் சபதம் சொல்கிற காட்சியைப் பலர் புகழ்ந்து எழுதினார்கள். பிறந்த பிள்ளையின் காதில் தகப்பன் சொல்லும் முதல் வார்த்தை ஒரு கல்யாணத்தைப் பற்றியது. ஊர்த்தெருவிலும் சேரியிலும் பிள்ளையின் வாழ்க்கை கல்யாணத்தைச் சுற்றித்தான் எழுதப்படுகிறது. அங்கே பிள்ளைக்காகக் கல்யாணம். இங்கே கல்யாணத்துக்காகப் பிள்ளை. ஒரு வீட்டுப் பெண் முகூர்த்தப் பட்டு கட்ட, இன்னொரு வீட்டுப் பையன் வலது நாடா போட்டான். அந்தப் பையன் போனது அவன் வீட்டுக் கண்ணாலத்துக்காக. அந்தக் கண்ணாலத்தில் அக்கா கட்டியது நைலக்ஸ் சேலை. என் நைனா எந்தச் சபதமும் செய்யவில்லை. சபதம் செய்யக் கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

*

இதுவரை எழுதியதை நான் இருபது வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். அக்காவிடமும் அன்றைக்கு இதையெல்லாம் கொட்டினேன். கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அக்கா உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து கண்ணாலப் போட்டோவை எடுத்து வந்தாள். முன்வரிசையில் தரையில் ஏழு பிள்ளைகள். நான் விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். “இதுல நாலு பேரு தறிக்குப் போனோம். இவன் மாடு மேய்க்க. இது ரெண்டும்தான் பள்ளிக்கூடத்துக்குப் போச்சுங்க.”

அக்கா சொன்னாள்: “நீ என்ன எண்ணலியே?”

எனக்குப் புரியவில்லை.

“எனக்குப் பதினாறு வயசுடா. நடுவுல மாலையோட நிக்கறதும் புள்ளதான். உன்ன வெச்சித்தான் எனுக்கு கண்ணாலம் நடந்துச்சின்னு அப்பவே தெரியும். நைனாவும் அந்த ஆளும் பேசனத நான் கதவாண்ட நின்னு கேட்டேன். என்னையே யாரும் கேக்கல. நான் போயி உனுக்கோசரம் இன்னா கேக்கறது?”

பெண்ணுக்குக் கல்யாண வயது 18 என்று 1978லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. இதைப் பத்து கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். அந்தப் போட்டோவையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதில் மணப்பெண்ணை ஒரு பிள்ளையாக நான் ஒருநாளும் பார்க்கவில்லை. கண்ணாலத்தால் நான் இழந்ததை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாலம் யாருக்கு நடந்ததோ அவள் எனக்குக் கடன்பட்டவள் மாதிரி ஆகிவிட்டாள். படத்துக்கு நான் சொன்ன குற்றம் எனக்கும் பொருந்துகிறது. பிரியதர்ஷன் தகப்பனைப் பார்த்தார், தறிப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் தறிப்பிள்ளையைப் பார்த்தேன், பெண்ணைப் பார்க்கவில்லை.

அக்கா சொன்ன பிறகு படத்தையும் திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று. தாமரை விரும்பியவனைத்தான் கட்டிக்கொள்ள இருந்தாள். ஆனால் பட்டு வேண்டும் என்று அவள் கேட்டுச் சபதம் வரவில்லை. கேட்க வாய் வருவதற்கு முன்னாலேயே அது அவள் காதில் விழுந்துவிட்டது. அதற்காகத் திருட்டு, அதற்காக வேலைநிறுத்த முறிப்பு, அதற்காக ஜெயில். தகப்பன் இல்லாத வீட்டில் அவள் முடங்கிக் கிடக்கிறாள். கடைசியில் விஷம் கொடுக்கும்போதும் அவளைக் கேட்கவில்லை. நடக்க முடியாத ஒரு பெண் சாவதுதான் அவளுக்கு நல்லது என்று படம் முடிவு செய்கிறது. நாமும் கண்ணீரோடு ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பட்டு தகப்பனின் மானத்துக்காக நெய்யப்பட்டது. தாமரை அளவுக்கு அது எட்டாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அப்படியானால் அக்கா ஏன் அழுதாள்? நைனாவை ஏன் வேங்கடத்தில் பார்த்தாள்? கேட்டேன். “உன்ன உட்டுட்டு வந்த அன்னிக்கி ராத்திரி நைனா சோறு துன்னல. நான் மறுவீட்டுக்கு வந்துட்டு இங்கதான் இருந்தேன். நீ பாக்கல, நான் பாத்தேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நைனாவை நான் மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவரை இத்தனை காலம் ஒரே பக்கத்திலிருந்து பார்த்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். பிள்ளையை அடகு வைக்காமல் ஒரு கண்ணாலமும் நடத்த முடியாத நிலையில் ஒரு சேரியை வைத்திருந்தவர்கள் அந்தப் போட்டோவில் எங்கும் இல்லை. அவர்களைக் காட்டியிருந்தால் ‘காஞ்சிவரம்’ வேறு படமாகியிருக்கும்.

இப்போது தறிகளில் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. பள்ளிக்கூடம் வந்தது, போராட்டங்கள் நடந்தன, சட்டமும் ஓரளவு நகர்ந்தது. வளர்ந்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். வலது பக்கம் உட்கார ஆள் கிடைக்காமல் கோர்வை குறைகிறது என்று வருத்தப்படுகிற கட்டுரைகளை வாசிக்கிறேன். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கு இல்லை. முழுக்கூலி கொடுத்தால் ஆள் வரும். பிள்ளையின் கைதான் அந்தக் கலையைத் தாங்கியது என்றால், அந்தக் கலையின் வரலாற்றில் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. எங்கே நெய்தது என்பதற்கு அது அத்தாட்சி. யார் நெய்தது என்று சேலையில் எந்த மூலையிலும் இல்லை.

அக்கா மகளுக்குப் பட்டு எடுத்தோம். என்ன நிறம் என்று அவளையே கேட்டோம். தறி இருக்கிற வீட்டுக்கே நேராகப் போனோம். அறுபது தாண்டிய நெசவாளி குழியில் இருந்தார். வலது பக்கம் அவர் மனைவி நாடா போட்டுக்கொண்டிருந்தார். “உங்களுக்குத் தனிக்கூலி உண்டா அண்ணி?” என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, “வூட்டு வேலைதானே” என்றார். அடுத்த தடவை யாராவது காஞ்சிபுரத்தைப் படமெடுக்க வந்தால், அந்த அம்மாவிடமிருந்து ஆரம்பிக்கட்டும்.

கல்யாணத்தில் அக்காவின் பேரன் மாப்பிள்ளைத் தோழன். ஐந்து வயது. புதுக் கால்சட்டை எடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். திங்கட்கிழமை அவனுக்கு ஸ்கூல் இருக்கிறது. ஒருநாள் லீவு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.